போடிமெட்டு ஏற்றமா, தேனி சாலையா?

42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அல்ட்ரா மாரத்தான். அதற்குப் பழக போடிக்காரர்களுக்கு இரண்டு வழி. தேனி சாலை சமதளம். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடலாம், டீக்கடைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கால் தன்பாட்டுக்கு ஓட, மனசு அடுத்த மாதத் தவணைக்குப் போய்விடும்.

கேரள எல்லைக்கு ஏறும் போடிமெட்டு மலைச்சாலையில் அதற்கு வழியே கிடையாது. கேரளச் செக்போஸ்ட் இன்னும் எவ்வளவு தூரம் என்று நினைத்தாலே கால் துவண்டுவிடும். அடுத்த கொண்டை ஊசி வளைவு, இப்போதைய மூச்சு, அவ்வளவுதான் கணக்கு. நடந்து ஏறினாலும் தப்பில்லை. தேர்ந்த ஓட்டக்காரர்களே செங்குத்தில் நடப்பார்கள். இறக்கம்தான் முன்தொடையைப் பதம் பார்க்கும், அதனால் வாரம் ஒருமுறை போதும்.

பந்தயம் சமதளத்தில் என்றால் தேனி சாலை. மற்றபடி என் ஓட்டு மலைக்கே. காலையில் ஏலத்தோட்ட ஜீப்புகள் பறக்கும், ஹெட்போன் மட்டும் வேண்டாம்.