திருச்சியில் எட்டு ஞாயிறு: ஒரு மெஷின் லேர்னிங் வகுப்பும் சி.டி.ஜி. தாளும்

பிரசவ வார்டில் பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். திருச்சியில் ஒரு சின்ன பயிற்சி நிலையம் நடத்தும் மெஷின் லேர்னிங் (பழைய தரவைக் காட்டிக் கணினியைக் கணிக்கப் பழக்குவது) வகுப்பை, டியூட்டி மாற்றி மாற்றி எட்டு ஞாயிறு போய் முடித்தேன். கட்டணம் 6,500 ரூபாய். இரண்டே ப்ராஜெக்ட். முதல் பாதி, நெட்வொர்க்கில் நடக்கும் தாக்குதலைக் கண்டுபிடிப்பது. அடுத்த பாதி, வயிற்றுக் குழந்தை நலமாக இருக்கிறதா என்று கணிப்பது. இரண்டையும் ஏன் ஒரே வகுப்பில் கட்டிவைத்தார்கள் என்று சேரும்போது விளங்கவில்லை.

முதல் பாதிக்கு என்.எஸ்.எல்.-கே.டி.டி. என்ற தரவு. அதில் 1,25,973 இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 41 விவரங்கள். எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பைட் போனது, லாகின் எத்தனை தடவை தவறியது என்று போகும். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் நிரல்) தாக்கி, ஓ.பி. பதிவு, லேப் வேலை எல்லாம் கையால் நடந்ததைச் சொல்லித்தான் சார் பாடத்தை ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் தரவின் வேர் 1998இல் அமெரிக்க விமானப்படை நெட்வொர்க் மாதிரி செயற்கையாக அமைத்துப் பதிவு செய்தது. டெல்நெட், ஃபிங்கர் என்று இன்றைக்குப் பெரும்பாலும் யாரும் தொடாத பழைய சேவைகள் அதில் நிறைய. கனடாவில் தயாரித்த 2017ஆம் ஆண்டுத் தரவு இலவசமாகவே கிடைக்கும்போது இதிலேயே நான்கு வாரமும் ஓட்டியது எனக்குக் குறைதான்.

அதில் மனதில் நின்றது ஒரு எண். சாதாரணப் பயனராக நுழைந்து முழு அதிகாரத்தையும் பிடுங்கிக்கொள்ளும் வகைத் தாக்குதல், அந்த ஒன்றேகால் லட்சத்தில் வெறும் 52 வரி. அத்தனையையும் கோட்டைவிட்டாலும் மாடலின், அதாவது நாம் பழக்கிய நிரலின், மொத்த மதிப்பெண் அசையவே அசையாது.

அடுத்த பாதிதான் நான் காத்திருந்தது. போர்ச்சுகலில் எடுத்த 2,126 சி.டி.ஜி. பதிவுகள், 21 அளவுகள். வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பையும் கர்ப்பப்பை இறுகுவதையும் தாளில் கோடாக வரைவதுதான் சி.டி.ஜி. மூன்று மகப்பேறு நிபுணர்கள் பார்த்து வகைப்படுத்தியவை: 1,655 இயல்பு, 295 சந்தேகம், 176 ஆபத்து. எல்லாவற்றையும் இயல்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 78 சதவீதம் சரி! இதைச் சார் போர்டில் கணக்குப் போட்டுக் காட்டியபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த 52 வரியும் இந்த 176 பேரும் ஒரே பாடம் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

“சிஸ்டர், டெசலரேஷன்னா என்னன்னு நீங்களே சொல்லுங்களேன்” என்று சார் மார்க்கரைக் கையில் கொடுத்துவிட்டார். குழந்தையின் துடிப்பு சரிவதுதான் அது. போர்டில் வரைந்தேன். மேலே ஒரு கோடு, குழந்தையின் இதயத்துடிப்பு, 140 பக்கம் ஓடுகிறது. கீழே ஒரு கோடு, கர்ப்பப்பை இறுகுவது மலை மாதிரி ஏறி இறங்குகிறது. மலை உச்சியைத் தாண்டிய பிறகு துடிப்பு மெல்லச் சரிந்து, வலி அடங்கியும் உடனே மேலே வராமல் தாமதிக்கிறதா? அது திரும்பத் திரும்ப வந்தால் நாங்கள் தாயை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுவோம். வரைந்து முடித்துவிட்டுத்தான் அட்டவணையைப் பார்த்தேன். லேசான சரிவு, கடுமையான சரிவு, நீண்ட சரிவு என்று எண்ணிக்கை இருக்கிறது. வலிக்கு முன்னாலா பின்னாலா என்பது 21 அளவுகளில் எங்குமே இல்லை. நாங்கள் முதலில் தேடுவதே அதைத்தான். சொன்னேன். சார் மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

என் முதல் மாடல், சோதனைக்கு ஒதுக்கிய 35 ஆபத்துப் பதிவுகளில் 9ஐத் தவறவிட்டது. அரிய வகைக்கு அதிக எடை கொடுத்து, அதாவது அதைத் தவறவிடுவதைப் பெரிய தப்பாகக் கணக்கிட வைத்து, மறுபடி ஓட்டினேன். 3 ஆகக் குறைந்தது, ஆனால் நலமாக இருக்கும் குழந்தைகள் பலர்மேல் சந்தேக முத்திரை விழுந்தது. வார்டில் அதற்கும் விலை உண்டு. வீண் அலாரம் அடிக்கடி அடித்தால் காது பழகிவிடும். தேவையில்லாத சிசேரியனும் நடக்கும். இந்த இழுபறிக்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்கியதற்காகவே வகுப்பை மதிக்கிறேன்.

ஒரு பெரிய தவறும் நடந்தது. 99 சதவீதத் துல்லியம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஏழாவது வாரம் அது வந்த வழி தெரிந்தது. அரிய வகைக்குச் செயற்கையாக வரிகளைப் பெருக்கிவிட்டு, அதன் பிறகு பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். படித்த வரியின் சாயலே பரீட்சையிலும் வந்தால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும்? வங்கி ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு தம்பிதான் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் சார் முதலில் பிரித்து, பயிற்சிப் பகுதியை மட்டும் பெருக்கி, எங்கள் கண் முன்னால் மறுபடி ஓட்டினார். எண் இறங்கியது. அவர் ஒப்புக்கொண்ட விதம் நன்றாக இருந்தது. ஆனால் விளம்பரப் பலகையில் 99 இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்க வேண்டும். குழந்தை உயிரைப் பற்றிய எண் அது.

லேப்டாப் சுமாராக இருந்தாலும் போதும், எல்லாம் பிரவுசரிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில்தான். பைத்தான் நிரல் மொழி கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் முதல் இரண்டு வாரம் திணறுவீர்கள். நான் திணறினேன். நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள் கட்டாயம் போகலாம்.

அடுத்த பேட்சுக்கு சி.டி.ஜி. தாளைப் படிக்க 40 நிமிடம் நான் வந்து சொல்லித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லியிருக்கிறார். பெயர், நம்பர் வெட்டிய ஒரு பழைய தாளைக் கொண்டுபோக மேட்ரனிடம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.