சூசனுக்குக் கிடைத்தது தண்டனையா, அவளே எடுத்த முடிவா, பாதியில் நின்ற கதையா?

சி.எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய நார்னியா கதை வரிசை 1956இல் ‘தி லாஸ்ட் பேட்டில்’ நாவலோடு முடிந்தது. அலமாரி வழியாக நார்னியா என்ற மாய உலகத்துக்குப் போன பெவன்சி பிள்ளைகள் நான்கு பேர். அவர்களில் பீட்டர், எட்மண்ட், லூசி மூன்று பேரும் கடைசிப் பக்கத்தில், நார்னியாவின் தெய்வமான சிங்கம் அஸ்லானின் நாட்டில், அதாவது அந்தக் கதையின் சொர்க்கத்தில் இருக்கிறார்கள். சூசன் மட்டும் இல்லை. இவ்வளவு பிரியமான ஒரு பாத்திரத்தை இப்படி விட்டுவிட்டுப் போனது சரியா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சினிமா மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 2005இல் தொடங்கிய பட வரிசை 2010இல் மூன்றாவது படத்தோடு நின்றுவிட்டது, கடைசி நாவல் அந்த வரிசையில் படமாகவில்லை.

விவகாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரு பக்க உரையாடல்தான். நார்னியாவின் கடைசி அரசன் டிரியன், அரசி சூசன் எங்கே என்று கேட்கிறான். என் தங்கை இப்போது நார்னியாவின் தோழி இல்லை என்று பீட்டர் சுருக்கமாக முடித்துக்கொள்கிறான். நார்னியா பேச்சை எடுத்தாலே, சின்ன வயதில் விளையாடிய அந்த வேடிக்கை விளையாட்டெல்லாம் இன்னுமா ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்பதாக உறவுக்காரப் பையன் யூஸ்டஸ் சொல்கிறான். நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்பிதழ் தவிர அவளுக்கு வேறு எதிலும் அக்கறை இல்லை என்கிறாள் யூஸ்டஸின் பள்ளித் தோழி ஜில். சீக்கிரம் பெரியவளாகத் துடித்தே பள்ளிக் காலத்தை வீணாக்கினாள், இனி மிச்ச ஆயுளையும் அதே வயதில் நிற்கப் பாடுபட்டே வீணாக்குவாள் என்கிறாள் வயதில் மூத்த பாலி. அப்புறம் பீட்டர், சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், இதோ பாருங்கள், அருமையான பழ மரங்கள் என்று திருப்பிவிடுகிறான். அவ்வளவுதான்.

பழ மரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது எனக்குப் பின்னால் வேண்டும்.

இந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு வாசகர்கள் மூன்று கட்சிகளாகப் பிரிகிறார்கள். முதல் கட்சிதான் அதிகம் பிரபலம். சூசன் வளர்ந்து ஒரு பெண்ணானாள், அதற்காகச் சொர்க்கத்தின் கதவு சாத்தப்பட்டது என்பது அவர்கள் வாதம். 1998இல் ‘கார்டியன்’ நாளிதழில் பிலிப் புல்மேன் நார்னியாவைக் கடுமையாகத் தாக்கியபோது சூசனும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தாள். 2005இல் ‘டைம்’ பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் ஜே.கே. ரவ்லிங்கும், லிப்ஸ்டிக்கில் ஆர்வம் வந்ததால் அவளை நார்னியா இழந்துவிடுகிறது, இதை என்னால் ஏற்க முடியவில்லை என்ற பொருளில் பேசினார். இரண்டு பேருமே குழந்தை இலக்கியத்தில் பெரிய கை. அவர்கள் சொன்னதால் இந்த வாசிப்பு காட்டுத்தீயாகப் பரவிவிட்டது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் மனம் மாறியதைக் காட்ட ஆயிரம் வழி இருக்கும்போது, லூயிஸ் தேர்ந்தெடுத்த மூன்று பொருட்களும் ஓர் இளம்பெண்ணின் மேசையிலிருந்தும் கைப்பையிலிருந்தும் எடுத்தவை. அதுவும் எந்தக் காலத்துப் பெண்? லூயிஸ் தயாரித்து வைத்திருந்த காலவரிசைக் குறிப்பின்படி சூசன் பிறந்தது 1928இல், கதை முடிவது 1949இல். அவளுக்கு 21 வயது. பிரிட்டனில் 1941இல் வந்த துணி ரேஷன் 1949 மார்ச்சில்தான் விலகியது. பதின்ம வயது முழுவதையும் கூப்பனை எண்ணி எண்ணிக் கழித்த தலைமுறை அது. அந்தப் பெண் ஒரு ஜோடி நைலான் காலுறைக்கு ஆசைப்பட்டால் அதைப் போய்க் குற்றமாகச் சொல்வதா என்று கோபம் வருகிறது. எனக்கும் வருகிறது.

ஆனால் மற்றப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் தள்ளாடுகிறது. சூசன் ஏற்கெனவே ஒரு தடவை நார்னியாவிலேயே வளர்ந்து பெண்ணானவள். முதல் புத்தகத்தின் முடிவில் அவள் உயரமான, கனிவான அரசி. கடல் கடந்த நாடுகளின் மன்னர்கள் அவளைப் பெண் கேட்டுத் தூது அனுப்புகிறார்கள். 1954இல் வந்த ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கதையில் இளவரசன் ரபதாஷை மணக்கலாமா என்று யோசித்து, அவன் குணம் தெரிந்ததும் தப்பித்து வருகிறாள். அங்கே அவளுடைய அழகையோ ஆசையையோ யாரும் பாவமாக்கவில்லை. அதே கதையில் சிறுமி அராவிஸும் சிறுவன் கோரும் வளர்ந்து திருமணமே செய்துகொள்கிறார்கள். அலங்கார மோகத்தைக் கிண்டல் செய்வது பெண்களோடு நிற்கவும் இல்லை. ‘தி மெஜிஷியன்ஸ் நெப்யூ’வில் ஆண்ட்ரூ மாமா ஒற்றைக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு சூனியக்காரியை மயக்கக் கிளம்பும் காட்சியில் லூயிஸ் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

இன்னொன்று, சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். லிப்ஸ்டிக் என்ற வார்த்தை ஜில்லின் வாயிலிருந்து வருகிறது. பதினாறு வயதுப் பெண், தோழியின் அக்காவைப் பற்றிச் சொல்லும் குத்தல் அது. அந்த நாவலில் சூசன் தனக்காக ஒரு வரிகூடப் பேசவில்லை. இருப்பதெல்லாம் அடுத்தவர் சாட்சி.

இரண்டாவது கட்சி இங்கேதான் நுழைகிறது. லிப்ஸ்டிக்கை விடுங்கள், யூஸ்டஸ் சொன்னதைப் பிடியுங்கள் என்பார்கள் இவர்கள். சூசன் செய்த காரியம் மறுத்தது. தானே பதினைந்து வருடம் அரசாண்ட நாட்டை ஒரு சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லிவிட்டாள். கல்மேசை மேல் அஸ்லான் கொல்லப்பட்ட இரவில், லூசியோடு சேர்ந்து விடியும்வரை அந்த உடல் பக்கத்தில் இருந்து, அது உயிர்த்தெழுந்ததையும் பார்த்தவள் அவள். அவளே அதைப் பொய் என்கிறாள் என்றால் யாரும் அவளைத் தள்ளிவிடத் தேவையில்லை, அவளாகவே வெளியே நிற்கிறாள்.

இதற்கான விதை 1951இலேயே விழுந்துவிட்டது. ‘பிரின்ஸ் காஸ்பியன்’ கதையில் லூசி கண்ணுக்கு அஸ்லான் முதலில் தெரிகிறது. சூசனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. பிறகு அவளே, உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் இருந்தது, ஒப்புக்கொள்ள விரும்பவில்லை என்கிறாள். நீ பயத்தின் பேச்சைக் கேட்டுவிட்டாய் குழந்தை என்று சொல்லி அஸ்லான் அவள்மேல் மூச்சை ஊதுகிறது. அப்புறம் ‘தி லாஸ்ட் பேட்டில்’ நாவலிலேயே தொழுவத்துக்குள் உட்கார்ந்திருக்கும் குள்ளர்கள் இருக்கிறார்கள். சுற்றிலும் சூரிய வெளிச்சம், கையில் விருந்து. அவர்களோ இருட்டில் வைக்கோல் மென்றுகொண்டிருப்பதாக நம்புகிறார்கள். இனி யாரும் எங்களை ஏமாற்ற முடியாது என்பதுதான் அவர்களுடைய ஒரே பிடிவாதம். அவர்களுடைய சிறை அவர்கள் மனதுக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று அஸ்லான் சொல்கிறது. சூசன் விஷயம் பேசப்பட்டுச் சில பக்கங்களிலேயே இந்தக் காட்சி வருவது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

முதல் வாசிப்பைவிட இது புத்தகத்துக்கு நெருக்கமானது. ஆனால் இந்தக் கட்சிக்காரர்கள் சூசனைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு நீதிபதித்தனம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. அவள் நிலையில் நின்று கொஞ்சம் யோசிக்கலாமே. 12 வயதில் இன்னொரு உலகத்துக்குப் போய், முழு வளர்ந்த அரசியாக வாழ்ந்துவிட்டு, ஒரே நிமிடத்தில் மறுபடி 12 வயதுச் சிறுமியாக அலமாரிக்கு வெளியே வந்து விழுகிறாள். அடுத்த வருடம் திரும்பக் கூட்டிப்போய், உனக்கு வயதாகிவிட்டது, இனி வர முடியாது என்று அனுப்பிவைக்கிறார்கள். பீட்டருக்கும் அதே செய்திதான், அவன் தாங்கிக்கொண்டான். எல்லோராலும் அப்படித் தாங்க முடியுமா? அதெல்லாம் விளையாட்டு என்று சொல்லிக்கொள்வது, இழந்த ஒன்றோடு வாழ்வதற்கு ஒருத்தி கண்டுபிடித்த வழியாகவும் இருக்கலாம். அஸ்லான் அன்று சொன்ன ‘பயம்’ என்ற காரணம் இங்கேயும் பொருந்துகிறது. ஆணவத்தைவிட நன்றாகவே பொருந்துகிறது.

இதே நாவலில் எமெத் என்று, நார்னியாவின் எதிரி நாடான காலோர்மெனின் வீரன் ஒருவன் வருகிறான். வாழ்நாள் முழுக்க தாஷ் என்ற எதிர்த் தெய்வத்தைக் கும்பிட்டவன். அவன் உண்மையாகச் செய்த நல்லதெல்லாம் எனக்கே செய்தது என்று சொல்லி அஸ்லான் அவனை ஏற்றுக்கொள்கிறது. முதல் புத்தகத்தில் அண்ணனையும் அக்கா தங்கையையும் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்த எட்மண்டுக்கு மன்னிப்பு கிடைத்தது. இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்த ஆசிரியர் சூசன் முன்னால் மட்டும் அதை நிரந்தரமாகப் பூட்டினார் என்று சொல்ல இரண்டாவது கட்சியிடம் சான்று இல்லை.

மூன்றாவது கட்சி அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. இவர்கள் சுட்டிக்காட்டும் விஷயம் மிக எளிமையானது, ஆனால் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் கவனிக்கத் தவறுவது: சூசன் சாகவில்லை. மற்றவர்கள் அஸ்லானின் நாட்டுக்கு வந்தது ரயில் விபத்தில் இறந்ததால். அவள் அந்த ரயிலில் இல்லை, நடைமேடையிலும் இல்லை. நார்னியா அழியும்போது வாசலில் எல்லா உயிர்களும் அஸ்லானின் முகத்தைப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரிகிற அந்தக் காட்சியில், கூட்டத்தில் அவள் நிற்கவே இல்லை. வழக்கே வராதவளுக்குத் தீர்ப்பு எப்படி வரும்? நார்னியாவில் ஒருமுறை அரசனோ அரசியோ ஆனால் என்றும் அரசன், என்றும் அரசி என்று முடிசூட்டு நாளில் அஸ்லான் சொன்ன வாக்கும் ரத்தாகவில்லை.

லூயிஸே இந்தப் பக்கம்தான் நின்றார். 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், சூசன் உயிரோடு இருக்கிறாள், திருந்த அவளுக்கு நிறைய நேரம் இருக்கிறது, ஒருநாள் தன் வழியில் அவளும் அஸ்லானின் நாட்டுக்குப் போய்ச் சேரக்கூடும் என்றார். 1960இல் வேறொரு வாசகிக்கு எழுதும்போது, அந்தக் கதையை என்னால் எழுத முடியாது, அது நீளமாக, பெரியவர்களுக்கான நாவல் மாதிரி ஆகிவிடும், நீயே முயன்று பாரேன் என்றார். 1963இல் இறக்கும்வரை அவர் அதை எழுதவில்லை.

மூன்றையும் எடை போட்டால் நான் மூன்றாவது பக்கம்தான். புத்தகத்தில் இருக்கும் எதையும் ஒதுக்கித் தள்ளாமல் நிற்கிற வாசிப்பு அது ஒன்றுதான். ஆனால் அந்தக் கட்சியில் பலர், பார்த்தீர்களா, அவள் உயிரோடு இருக்கிறாள், நம்பிக்கை இருக்கிறது என்று நிம்மதியாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? அண்ணன், இரண்டு உடன்பிறப்புகள், யூஸ்டஸ், அம்மா, அப்பா எல்லோரும் ஒரே நாளில் போய்விட்ட வீட்டில் 21 வயதில் தனியாக நிற்கிறாள். அம்மாவும் அப்பாவும் அந்த ரயிலில் இருந்ததைப் புத்தகமே சொல்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவர்கள் தூரத்திலிருந்து கையசைப்பதைப் பிள்ளைகள் பார்த்துக் குதூகலிக்கிறார்கள்.

என் வழக்கு இங்கேதான். லூயிஸ்மேல் சுமத்த வேண்டிய குற்றம் லிப்ஸ்டிக்கில் இல்லை, பழ மரங்களில் இருக்கிறது. தொழுவத்தில் கிடக்கும் அந்த அறுவையான குள்ளர்களுக்காக லூசி கண்ணீரோடு அஸ்லானிடம் கெஞ்சுகிறாள், இவர்களுக்கு ஏதாவது செய்யக்கூடாதா என்று. நார்னியா அழியும்போது அழுகிறாள். அப்போது பீட்டர் கேட்கிறான், அழுகிறாயா லூசி, அஸ்லான் முன்னால் போகிறது, நாம் எல்லோரும் இங்கே இருக்கிறோமே என்று. எல்லோருமா? நார்னியாவின் அரண்மனையான கேர் பாரவெலில் இருந்தவை நான்கு சிம்மாசனங்கள். லூசி ஒரு நாட்டுக்காக அழுவது தப்பில்லை என்று பதில் சொல்கிறாள். அக்காவைப் பற்றி அவளும் எட்மண்டும் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

தாங்கள் இறந்துவிட்டது அவர்களுக்கு அப்போது தெரியாது என்று ஒரு சமாதானம் சொல்லலாம், அது உண்மையும்கூட. விபத்து நிஜமாகவே நடந்தது என்று அஸ்லான் கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறது. ஆனால் சொன்ன பிறகு? உங்கள் அம்மா, அப்பா, நீங்கள் எல்லோரும் இறந்துவிட்டீர்கள், பள்ளி முடிந்தது, விடுமுறை தொடங்கிவிட்டது என்கிறது அஸ்லான். அப்போதாவது லூசி, அப்படியென்றால் சூசன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். குள்ளர்களுக்காகக் கேட்டவள் இதைக் கேட்காமல் இருக்கமாட்டாள். லூசியின் குணத்தை முந்தைய நான்கு புத்தகங்களில் நமக்குக் காட்டிய லூயிஸ், அந்த இடத்தில் அதைத் தானே மீறிவிட்டார். அஸ்லான் என்ன பதில் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அது அவள் கதை, உன்னுடையது இல்லை என்று ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கதையில் சொன்ன மாதிரியே மறுத்திருந்தால்கூட, இத்தனை வருட ரணத்தில் பெரும்பகுதி வந்திருக்காது.

நீயே எழுதிப் பார் என்று அவர் சொன்னதை வாசகர்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள், சூசனுக்குப் பிற்கதைகள் குவிந்துவிட்டன. நீல் கெய்மன் 2004இல் எழுதிய ‘தி ப்ராப்ளம் ஆஃப் சூசன்’ சிறுகதையில், விபத்துக்குப் பிறகு உடல்களை அடையாளம் காட்டப் போக நேர்ந்த ஒரு மூதாட்டி அதைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கதையின் கசப்போடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. ஆனால் தொடங்கிய இடம் சரி. ரசிகர்கள் எழுதுவதில் பெரும்பாலும் இரண்டு வகையைப் பார்க்கிறேன். ஒன்றில் சூசன் லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு உள்ளே போகிறாள். இன்னொன்றில் அஸ்லானைத் தூக்கியெறிந்துவிட்டு வீரநடை போடுகிறாள். முதலாவது ஜில் சொன்னதை அப்படியே நம்புகிறது, இரண்டாவது கல்மேசை இரவை மறந்துவிடுகிறது. அவளுக்கு நியாயம் செய்ய நினைப்பவர்கள் 1949இல், செய்தி வந்த அந்த வீட்டிலிருந்து தொடங்கட்டும். லிப்ஸ்டிக் அவள் உதட்டிலேயே இருக்கட்டும்.