பழைய வீணை வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, எனக்கு 38,000 ரூபா போயிடுச்சு

முந்தாநாள்தான் உறுதியாச்சு, இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்து முன்னபின்ன இருந்தா மன்னிச்சுக்கோங்க. பொண்ணு மூணு வருஷமா டீச்சர் வீட்டு வீணையிலயே கத்துக்கிறா, விஜயதசமிக்கு சொந்தமா ஒண்ணு வாங்கித் தரணும்னு சீட்டு கட்டி சேத்த பணம் அந்த 38,000.

பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்லதான் பாத்தேன். "தஞ்சாவூர் ஏகாண்ட வீணை, 40 வருஷப் பழசு, அம்மா வாசிச்சது"ன்னு போட்டிருந்தாங்க. ஏகாண்டம்னா குடம் (உருண்டையான அடிப்பகுதி), தண்டி (நீளமான கழுத்து), யாளி (நுனியில இருக்கற சிங்க முகம்) எல்லாம் ஒரே பலா மரத்துல குடைஞ்சது, தனித்தனியா செஞ்சு சேத்தா அது ஒட்டு வீணை, ரெண்டுக்கும் விலையில ஏகப்பட்ட வித்தியாசம்.

மேற்கு மாம்பலத்துல வீடு. நான் ஏமாந்தது அந்த கூடத்துலதான். வாசல்ல கோலம், உள்ள விளக்கு, யாளி நெத்தியில சந்தனம் குங்குமம். வயசான மாமா, காபி குடுத்தார், "அம்மா போனப்புறம் இதை யாரும் தொடலம்மா, கத்துக்கற குழந்தை கைக்குப் போனா போதும்"னு சொல்லும்போது அவருக்கு கண்ணு கலங்கிடுச்சு. அவரே உக்காந்து ஸ ரி க ம வாசிச்சுக் காட்டினார், கீழ மட்டும்தான் வாசிச்சார், மேல போகவே இல்லன்னு இப்பதான் உறைக்குது. ஜிஐ டேக் (புவிசார் குறியீடு) வாங்கின தஞ்சாவூர் வீணைம்மா, விலை ஏறிட்டேதான் போகும்னார். அந்தக் குறியீடு கிடைச்சதே 2013-ல, 40 வருஷம் முன்னாடி செஞ்சதா சொல்ற வீணைக்கு அது எப்படி அத்தாட்சி ஆகும்? அப்ப தோணல. தட்டுல வெத்தலை பாக்கு வச்சுக் குடுக்கறவர்கிட்ட பேரம் பேச மனசு வரல, 38,000-ஐயும் கேஷா எண்ணிக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டீச்சர் பாத்தாங்க. 12-வது மெட்டுல (தண்டி மேல தந்தியை அழுத்தி வாசிக்கற உலோகக் கட்டை) மேல் ஸட்ஜம், அதாவது மேல் ஸ, சேரவே இல்ல. போன் பண்ணா, "வெயிலுக்கு மெழுகு இளகியிருக்கும்மா, மேளம் கட்டுங்க சரியாயிடும்". மேளம் கட்டறதுன்னா மெட்டுகளை மெழுகுல சுருதிக்குச் சரியா திரும்ப பதிக்கறது. மெட்டெல்லாம் மெழுகு மேலதான நிக்குது, இது நடக்கறதுதான்னு நம்பி மயிலாப்பூர்ல ரிப்பேர் பண்ற ஒரு ஆசாரிகிட்ட கொண்டு போனேன். அவர் மெட்டைத் தொடக்கூட இல்ல. ஒரு கண்ணை மூடிட்டு தண்டியை நீளவாக்குல பாத்தார், அப்புறம் குடமும் தண்டியும் சேர்ற இடத்துல இருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் பட்டையை நகத்தால நெம்பினார். அடியில சுத்தி வர விரிசல், அதுல எம்-சீல் வச்சு அடைச்சு மேல பிரவுன் பாலிஷ் அடிச்சிருக்காங்க. "ஒட்டு வீணைம்மா இது, தண்டி வேற வளைஞ்சிருக்கு, எத்தனை தடவை மேளம் கட்டினாலும் நிக்காது, பத்தாயிரம் குடுத்திருந்தாலே ஜாஸ்தி"ன்னார். பொண்ணு பக்கத்துலதான் நின்னா, ஒரு வார்த்தை பேசல.

மறுபடி போன் பண்ணா மொதல்ல "ஆட்டோல இடிச்சிருப்பீங்க", அடுத்த தடவை "அம்மா ஏகாண்டம்னு சொன்னாங்க, எனக்கென்ன தெரியும்", அப்புறம் மாமி எடுத்து "அவர் தூங்கறார்", இப்ப ரிங் போனாலே கட் பண்றாங்க. நேர்ல போனேன், கிரில் கேட்டைத் திறக்காமலே பேசினார், கம்பி வழியா உள்ள பாத்தா அதே கூடத்துல இன்னொரு வீணை, அதுக்கும் சந்தனம் குங்குமம்! வயிறு எரியுது. ஆப்காரங்ககிட்ட கம்ப்ளைன்ட் பண்ணா, வாங்கறவர் விக்கறவர் விஷயத்துல நாங்க தலையிட மாட்டோம்னு அதே மெசேஜ் நாலு தடவை. 38,000ங்க, எங்க வீட்டுக்கு அது சின்னப் பணம் இல்ல.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல. வாசிக்கத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க. 24 மெட்டையும் வாசிக்கச் சொல்லுங்க. குடத்துலேர்ந்து தண்டிக்கு மரத்தோட ரேகை விடாம ஓடுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்த இடத்தைப் பட்டை போட்டு மறைச்சிருந்தா கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா கிளம்பிடுங்க. கேஷா குடுக்காதீங்க, ஏகாண்டம்னு எழுதி வாங்கிக்கோங்க. மாம்பலம் பக்கம் வீணை பாக்கப் போறவங்க யாராவது இருந்தா, போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க ப்ளீஸ்.