வெள்ளவத்தைப் பாடசாலையொன்றின் உளவளத்துணை அறை: இடம் நல்லது, அழைக்கும் முறை பிழை

பிள்ளைகள் மனக்கவலைகளை ஆசிரியரிடம் பேசும் இந்த அறை அதிபரின் அலுவலகத்துப் பக்கம் இல்லாமல் நூலகத்துக்குப் பின்னால் இருப்பது நல்ல விடயம்; உள்ளே போகும் பிள்ளையை "என்ன குழப்படி செய்தாய்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். கதவில் சிறு கண்ணாடி உண்டு, ஆனால் பிள்ளை இருக்கும் கதிரை வெளியே தெரியாது. யோசித்துச் செய்த வேலை.

சறுக்குவது அழைப்பில்தான். மாணவத் தலைவர் அழைப்புத் துண்டைக் கொண்டுவந்து வகுப்பிலேயே பெயரை வாசிக்கிறார். அத்தோடு இரகசியம் போச்சு, அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வராது. மடித்த துண்டைக் காலையிலேயே வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். எப்போதும் கணிதப் பாடத்தின் 40 நிமிடத்தையே எடுப்பதால் பின்தங்கும் பயமும் சேர்கிறது. பாடவேளையைக் கிழமைக்குக் கிழமை மாற்ற வேண்டும்.

உளவளத்துணை ஆசிரியரே அந்த வகுப்புக்குப் பாடமும் எடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. புள்ளி போடுபவரிடம் பிள்ளை எப்படி மனம்விட்டுப் பேசும்?

உயிராபத்து, துன்புறுத்தல் என்றால் மறைக்கமாட்டோம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். இதை மெச்சத்தான் வேண்டும். சுவரில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இல்லை. அதையும் ஒட்டுங்கள்.