பவர் பிரஸ்ஸுக்கு இரு கை பட்டன் கிட்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

கோவை கணபதிப் பக்கம் அப்பா காலத்துப் பிரஸ் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புக்கும் வெட் கிரைண்டருக்கும் போகிற வாஷர், கிளாம்ப், மூடித் தகடு, இந்த மாதிரி ஜாப் ஒர்க். 13 பேர், மூன்று பவர் பிரஸ் (மேலிருந்து பஞ்ச் இறங்கி, கீழே இருக்கிற டை என்கிற அச்சில் தகட்டை வெட்டுகிற மோட்டார் இயந்திரம்). மூன்றுமே பின் (pin, அதாவது முளை) கிளட்ச், காலால் பெடலை மிதித்தால் பஞ்ச் இறங்குகிற பழைய ரகம். அதில் 20 டன் பிரஸ்ஸுக்கு மட்டும் ஒன்றரை வருடத்துக்கு முன், இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி செய்கிற இந்தக் கிட்டை வாங்கிப் போட்டேன். செய்து கொடுத்தவர் இந்த ஊர்க்காரர்தான், சின்ன ஆள். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

விலை, பொருத்துக்கூலி சேர்த்து 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. இரண்டு பெரிய பட்டன், அதைச் சுற்றி வளையம் (முழங்கை பட்டு அமுங்கக் கூடாது என்று), ஒரு கன்ட்ரோல் பெட்டி, ஒரு சோலினாய்டு வால்வு, கிளட்ச் லீவரை இழுக்க ஒரு ஏர் சிலிண்டர், சிவப்பாக ஒரு எமர்ஜென்சி பட்டன். பெடலைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் (பஞ்ச் ஒரு தடவை இறங்கி ஏறுவது). ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் தட்டி ஓட்டுகிற நம்ம ஊர் வித்தை இதில் நடக்காது, இரண்டையும் விட்டுத்தான் அடுத்த ஸ்ட்ரோக். நானே டேப் ஒட்டிப் பார்த்தேன், ஏமாறவில்லை. இதுவரை சரி.

வாங்கியதற்குக் காரணம் ஒரு பையன். எங்கள் பிரஸ் ஆபரேட்டர் அண்ணனின் அக்கா மகன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. சேர்ந்து பாதியில் விட்டவன், சேரும்போது 16 வயது ஐந்து மாதம். வந்த இரண்டாம் நாளே பிரஸ் பக்கத்தில் போய் நின்றுகொண்டு "மாமா, நானும் மிதிக்கட்டுமா" என்கிறான். அண்ணன் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் சாயங்காலம் என்னிடம் வந்து, "தம்பி, அவனைப் பெடல்ல மட்டும் உட்கார வெச்சிராதீங்க, நான் உட்கார்ந்தப்ப எனக்கும் இதே வயசுதான்" என்றார். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. வேறொரு பட்டறையில், என் அப்பாவிடம் வேலைக்கு வருவதற்கு முன்னால் போனது.

அப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இத்தனை வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கன்சல்டன்ட் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அப்போது அமலில் இருந்தது 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். 18 முடியாதவர் இந்தப் பிரஸ்ஸைத் தொடவே கூடாது என்று அதில் இருக்கும் என நினைத்திருந்தேன், அப்படி இல்லை. 23ஆம் பிரிவு சொன்னது: ஆபத்தான இயந்திரம் என்று மாநில விதிகளில் குறித்தவற்றில் இளம் தொழிலாளியை விட வேண்டுமென்றால், என்ன ஆபத்து, எப்படித் தப்பிப்பது என்று முழுதாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்; அதோடு போதுமான பயிற்சி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இயந்திரம் நன்றாகத் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். பட்டியலில் பவர் பிரஸ் இருந்தது, மில்லிங், கில்லட்டின், வட்ட ரம்பம் இருந்தது. ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு மட்டும் விலக்கு. 22ஆம் பிரிவு இன்னும் கறார்: ஓடுகிற இயந்திரத்தைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, அட்ஜஸ்ட் பண்ணுவது இதெல்லாம் அதன் ஓடுகிற பாகத்திலோ பக்கத்து இயந்திரத்திலோ அடிபட வாய்ப்பிருந்தால் இளம் ஆளிடம் கொடுக்கவே கூடாது. எங்கள் பக்கம் புதுப் பையனுக்கு முதலில் கொடுக்கிற வேலையே எண்ணெய்க் கேனும் பழந்துணியும்தான்.

அந்தச் சட்டப்படி உடல்தகுதிச் சான்று வேறு வேண்டியிருந்தது, அதற்கென்று உள்ள மருத்துவரிடம். 12 மாதம்தான் செல்லும், கட்டணம் நம்முடையது, பையன் சம்பளத்திலோ அவன் பெற்றோரிடமோ பிடிக்கக் கூடாது. 17 முடியும் வரை காலை 6 முதல் இரவு 7க்குள்தான் வேலை. சரி, பிரஸ் வேண்டாம், கிரைண்டரில் பர் (வெட்டிய விளிம்பில் நிற்கிற பிசிறு) எடுக்க உட்கார வைப்போம் என்று யோசித்தேன். அதுவும் ஆகாது. பதின்ம வயதினரை அபாயகரமான செய்முறைகளில் விடக்கூடாது என்று 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது, மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை உள்ளே, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், இல்லை இரண்டுமே. எது அபாயகரமான செய்முறை என்பதற்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறது. பவுண்டரி, எலெக்ட்ரோபிளேட்டிங்கோடு உலோக கிரைண்டிங்கும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் அவனுக்கு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார வைத்தேன்.

இதையெல்லாம் படித்த பயத்தில்தான் கிட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன், கொஞ்சம் குறுக்குப் புத்தியும் இருந்தது. பட்டன் வைத்துவிட்டால் பையன் 17 ஆனதும் பிரஸ்ஸில் விட்டுக்கொள்ளலாம், அண்ணன் பக்கத்தில் நின்று நேரத்தை வீணடிக்க வேண்டாம் என்று. விற்றவரும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்: "இது இருந்தா எல்கேஜி பையன்கூட ஓட்டலாங்க."

அந்த ஆசையில் மண் போட்டது ஒரு முருங்கைக்காய். பொருத்தி மூன்றாம் நாள், பழைய டூல் மேக்கர் ஒருவர் டையைப் பார்க்க வந்தார். பட்டன்களை ஒரு பார்வை பார்த்தார். அண்ணனின் மதியச் சமையலுக்கு வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு காயை உருவினார், குச்சி என்றால் டை கெட்டுவிடுமாம். காயை இடக்கை இடுக்கில் வைத்துக்கொண்டு இரண்டு பட்டனையும் அழுத்தினார், விட்டார், சாவகாசமாகக் காயை எடுத்து டைக்குள் நீட்டினார். பஞ்ச் இறங்கி அதை நறுக்கியது. பையனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்து காட்டினார். நான் பார்த்ததிலேயே நல்ல பாதுகாப்புப் பயிற்சி அதுதான்.

விஷயம் என்னவென்றால், பின் கிளட்ச் பட்டன் அழுத்திய கணத்தில் பிடிக்காது. பிளைவீல் என்கிற கனத்த சக்கரம் சுற்றி வந்து, அந்த முளை அதன் குழியில் விழ வேண்டும். என் பிரஸ் நிமிடத்துக்கு 80 சுற்று, ஒரு சுற்றுக்கு முக்கால் நொடி. குழி அப்போதுதான் தாண்டிப்போயிருந்தால் ஒரு முழுச் சுற்றுக் காத்திருந்து, அப்புறம் அரைச் சுற்றில் பஞ்ச் கீழே வரும், மொத்தம் ஒரு நொடிக்கு மேல். மனிதக் கை நொடிக்கு 1.6 மீட்டர் போகும் என்று கணக்கு வைத்துத்தான் பட்டன் தூரத்தை முடிவு செய்ய வேண்டும், அந்தக் கணக்குப்படி என் பட்டன் டையிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிட்டில் வந்த பிராக்கெட்டில் இருப்பது ஒன்றேகால் அடி. வேகமாக ஓடுகிற பிரஸ்ஸைவிட மெதுவாக ஓடுகிற பிரஸ்ஸில்தான் இந்தக் கிட் அதிகம் ஏமாற்றும் என்பதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொன்று, ஸ்பிரிங் உடைந்தோ பின் தேய்ந்தோ பிரஸ் தானாக இரண்டாவது தடவை இறங்கினால் (எல்லாப் பிரஸ்காரர்களும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்) பட்டன் என்ன செய்யும்?

லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிற்கச் சொல்கிற ஒளித்திரை) போடச் சொல்லி ஒருவர் இதைப்போல் பல மடங்கு விலைக்கு கொட்டேஷன் அனுப்பினார். பின் கிளட்ச் பிரஸ் ஒரு தடவை பிடித்துவிட்டால் சுற்றை முடிக்காமல் நடுவில் நிற்காது, கை குறுக்கே வந்தது என்று ஒளித்திரை கத்தினாலும் அதற்குக் காது கிடையாது. பின் கிளட்ச் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

நான் செய்தது: டைக்கு முன்னால் கம்பிக் கூண்டு, ஸ்ட்ரிப் (தகட்டுப் பட்டை) மட்டும் நுழைகிற இடுக்கு, விரல் போகாது. வெல்டிங் கடையில் 4,200 ரூபாய். செகண்ட் ஆபரேஷனுக்கு, அதாவது ஒரு தடவை வெட்டிய துண்டை மறுபடி பிரஸ்ஸில் போடுவதற்கு, ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டிய வேலையில் நீளக் குறடும் காந்தக் கம்பியும். இதோடு சேர்ந்தால் கிட் உருப்படியான பொருள். பெடல் போனதால் காலுக்கு அடியில் தட்டுத் தடுமாறி மிதிபடுவது நின்றது, அண்ணனின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. உற்பத்தி முதல் மாதம் குறைந்தது, இப்போது பழைய எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. ஏர் லைனில் தண்ணீர் சேர்ந்தால் சிலிண்டர் திக்குகிறது, ஃபில்டரை அவர்கள் கிட்டோடு தருவதில்லை, கேட்டு வாங்குங்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பழையதில் மோட்டார் ஓடுகிற இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை, இதில் 20 பேர் வேண்டும். ஆக 13 பேரை வைத்திருக்கிற நான் இப்போது அந்த வரையறைக்குள் வரமாட்டேன். குழந்தைகள், பதின்ம வயதினருக்கான சட்டம் தனியாக அப்படியே இருக்கிறது. கூண்டையும் நான் கழற்றப்போவதில்லை, அண்ணன் விடமாட்டார்.

கிட்டுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு இரண்டரை, கூண்டோடு சேர்த்து நான்கு. பையனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. இப்போதே மாமாவிடம் டை செட்டிங் கற்றுக்கொள்கிறான், மோட்டாரை நிறுத்தி, பியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு. வலது பட்டனின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, செய்து கொடுத்தவர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். பிராக்கெட் தூரத்தைப் பற்றி அவரிடம் பேச வேண்டும், முருங்கைக்காய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.