அன்சிபிளா, பப்பெட்டா? லினக்ஸ் ரெப்போக்களைப் பராமரிக்க எது?

பினாங்கு பாயான் லெப்பாஸில் சர்வர் பார்க்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. இரண்டுமே பல சர்வர்களை ஒரே மாதிரி அமைத்து வைக்கும் கருவிகள். முப்பது உபுண்டு சர்வர்கள். எல்லாவற்றிலும் ஒரே ரெப்போ (மென்பொருளை இறக்கும் களஞ்சியம்) பட்டியல், ஒரே மலேசிய மிரர் (களஞ்சியத்தின் உள்ளூர் நகல்), ஒரே சாவி (மென்பொருள் உண்மையானதா என்று சரிபார்ப்பது) இருக்க வேண்டும்.

தொடங்குவது
அன்சிபிள்: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி), பைத்தான் இருந்தால் போதும். ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் முதல் பிளேபுக் (செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய கோப்பு) ஓடிவிடும்.
பப்பெட்: ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் நிரல்), நடுவில் தலைமை சர்வர், சான்றிதழ்கள். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

மாறாமல் காப்பது
என் தயக்கமெல்லாம் இங்கேதான். ஒருமுறை யாரோ அவசரத்துக்குக் கையால் சேர்த்த ரெப்போவிலிருந்து பிஎச்பியின் (எங்கள் தளம் ஓடும் நிரல்மொழி) புதிய பதிப்பு ஏறி, எங்கள் தளம் நின்றுபோனது. அன்சிபிள் அதைத் தடுத்திருக்காது. நீங்கள் ஓட்டும்போதுதான் அது ஓடும்; சொல்லாத கோப்பைத் தொடாது. பப்பெட் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும். ஏபிடிக்கான (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) அதன் மாட்யூலில் பர்ஜ் அமைப்பைப் போட்டால், பட்டியலில் இல்லாத ரெப்போ கோப்பை நீக்கியும் விடும்.

சாவி
சாவிகளைச் சேர்க்கும் பழைய ஏபிடி-கீ வழியை இரண்டிலும் விடுங்கள்; அதில் சேர்த்த சாவியை எல்லா ரெப்போவுக்கும் ஏபிடி நம்பிவிடும். அன்சிபிள் 2.15 முதல் டெப்822 (ரெப்போ விவரம் எழுதும் புதிய கோப்பு வடிவம்) மாட்யூல் ரெப்போவையும் அதற்கான சாவியையும் ஒரே டாஸ்க்கில் முடிக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது இது.

செலவு
அன்சிபிள் இலவசம். பப்பெட்டை இலவசமாகத் தொடர விரும்பினால், அதிலிருந்து பிரிந்து சமூகம் நடத்தும் ஓப்பன்வாக்ஸைப் பாருங்கள்.

ஓரிருவர் மட்டும் கவனிக்கும் சர்வர்கள் என்றால் அன்சிபிளை எடுத்து, தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓட்டுங்கள். பலர் ரூட் (எதையும் மாற்றக்கூடிய முழு) அனுமதியோடு நுழையும் இடம் என்றால் பப்பெட்தான்.