செரங்கெட்டி: பிப்ரவரியா, ஆகஸ்டா?

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்கு முதல் சஃபாரி என்றால் ஆகஸ்டில்தான் என்று நாங்கள் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மச்சான் குடும்பம் அப்படித்தான் போய்வந்தது. அடுத்த வருடம் நாங்கள் பிப்ரவரியில் போனோம்.

ஆகஸ்டின் பெருமை தெரிந்ததுதான். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வறட்சி, காய்ந்த புல், தண்ணீரைத் தேடி வரும் விலங்குகள், கொசு குறைவு. அதே நாட்டின் தரங்கிரே பூங்காவில் ஆகஸ்டில் ஆற்றங்கரைக்கு வரும் யானைக் கூட்டத்துக்கு பிப்ரவரி ஈடே இல்லை. நாங்கள் பார்த்தது சிதறி மேய்ந்த சில குடும்பங்களைத்தான்.

ஆனால் ஆகஸ்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் மனதில் இருப்பது செரங்கெட்டியின் வடக்கே மாரா ஆற்றை வைல்ட்பீஸ்ட் என்னும் மாடு போன்ற மான்கள் மந்தையாகக் கடக்கும் காட்சி. சிக்கலே அங்கேதான். மந்தை கரைக்கு வரும், நிற்கும், முன்னால் ஒன்று மிரண்டால் மொத்தமும் திரும்பிவிடும். மச்சான் அந்த ஆற்றங்கரையில், கோகதெண்டேயில் இரண்டு நாள் காத்துக் கிடந்தார். இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது கடந்தது. வரிசையாக நின்ற வண்டிகளுக்குப் பின்னாலிருந்து பத்து நிமிடம், அதில் பாதி புழுதி. ஆறு நாள் பயணத்தில் இரண்டு நாள் இதற்கே போயிற்று.

பிப்ரவரியில் அந்தக் காத்திருப்பு இல்லை. மந்தை தெற்கே, என்டுட்டு பக்கத்துப் புல்வெளியில். எரிமலைச் சாம்பல் படிந்த மண். புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். ஒரு காலையில் வண்டிக்கு இருபதடி தள்ளி ஒரு கன்று பிறந்து விழுந்தது. இரண்டு முறை முன்னங்கால் மடங்கிச் சரிந்தது, மூன்றாவதில் நின்றுவிட்டது. என் கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை. சற்றுத் தள்ளி ஒரு கழுதைப்புலி உட்கார்ந்திருந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்டுட்டு ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே பாதையை விட்டு இறங்கி ஓட்டலாம், சிவிங்கிப்புலியை நெருங்கிப் பார்க்கலாம். மழை பெய்தால் கரிசல் மண் சும்மா விடாது: ஒரு மாலை பின்சக்கரம் புதைந்து, இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுக்க முக்கால் மணி நேரம்.

ஒரே ஒரு பிப்ரவரியை வைத்துத்தான் சொல்கிறேன். மழை ஏமாற்றினால் மந்தை வேறு பக்கம் நகர்ந்துவிடும் என்றார் ஓட்டுநர். மலிவு என்றும் நினைக்க வேண்டாம், கன்று ஈனும் காலத்தில் அங்கே கூடார வாடகை உச்சம்.

வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் பிப்ரவரி பேச்சே கிடையாது, ஆகஸ்டுக்கே போங்கள். கோடை விடுமுறை என்று ஏப்ரல், மே மட்டும் கேட்காதீர்கள். அது மசிகா, பெருமழைக் காலம். பல கூடாரங்கள் மூடியிருக்கும்.